கிளிப் டியூனர்: எதுவரை நம்பலாம், எங்கே காதைக் கேட்க வேண்டும்

கிட்டாரின் தலைப்பகுதியிலும் வயலினின் சுருளிலும் வீணையின் பிரடையிலும் (கம்பியை முறுக்கும் திருகு) கவ்விக்கொண்டு, மீட்டப்படும் கம்பியின் சுரத்தைத் திரையில் காட்டும் சிறிய மின்னணுக் கருவிதான் கிளிப் டியூனர். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் இது, இன்று இசை வகுப்புக்குச் செல்லும் பல மாணவர்களின் பையில் இருக்கிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தினுடையது, விலை என்ன, திரை வண்ணத்திரையா என்றுதான் விசாரிக்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கருவி எதை அளக்கிறது? ஒரு நேரத்தில் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு, தன்னுள் பதிந்திருக்கும் ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டு, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்வதே இதன் வேலை. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் உள்ள உறவை இது அறியாது. ஒரே மீட்டலில் எல்லாக் கம்பிகளையும் காட்டும் டிசி எலக்ட்ரானிக் நிறுவனத்தின் பாலிட்யூன் போன்ற கருவிகள்கூட ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே அதே அளவுகோலில் வைத்துத்தான் பார்க்கின்றன. அந்த அளவுகோல் நம் இசைக்குப் பொருந்துகிற இடத்தில் டியூனரை முழுமையாக நம்பலாம். பொருந்தாத இடத்தில் ஆதார ஸட்ஜத்தை (அடிப்படைச் சுரமான ஸ) மட்டும் அதனிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டு, மற்றக் கம்பிகளைக் காதால் சேர்க்க வேண்டும். எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதிர்வு எண்ணாக மாறும் வழி

கிளிப்பின் கவ்வும் பகுதிக்குள் மெல்லிய பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை 1880-இல் பாரிஸில் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அழுத்தமின் விளைவு எனப்படும் அந்தப் பண்புதான் இந்த வில்லையில் வேலை செய்கிறது. கம்பி அதிரும்போது குதிரையும் (கம்பியைத் தாங்கும் சிறு பாலம்) மேற்பலகையும் தண்டியும் சேர்ந்தே அதிர்கின்றன. அந்த அதிர்வு கிளிப்பின் ரப்பர் பட்டை வழியாக வில்லையை எட்டி, மிகச் சிறிய மின்னழுத்த ஏற்ற இறக்கமாக மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னைத் திரும்பச் செய்கிறது என்று உள்ளேயிருக்கும் நுண்செயலி கணக்கிட்டு, அதிர்வெண்ணைப் பெற்று, அருகிலுள்ள சுரத்தின் பெயரையும் அதிலிருந்து விலகியிருக்கும் அளவையும் காட்டுகிறது.

காற்றில் வரும் ஒலியைக் கேட்காமல் மரத்தின் அதிர்வைத் தொட்டுப் படிப்பதே இதன் பெரிய பலம். மைக் வழியாகக் கேட்கும் கைப்பேசிச் செயலி அமைதியான அறையில் நன்றாகவே வேலை செய்யும். துல்லியத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் மிருதங்கத்துக்கு வரிசை தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அல்லது பதினைந்து மாணவர்கள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் சுருதி சேர்க்கும்போது, செயலி எதைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறும். கிளிப் டியூனர் தான் கவ்வியிருக்கும் கருவியை மட்டுமே பெரும்பாலும் கேட்கிறது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் எழும் உரத்த ஒலி நம் கருவியின் உடலையும் லேசாக அதிரச் செய்யும். நாம் மீட்டும் கம்பியோடு ஒத்திசையும் மற்றக் கம்பிகளும் தாமாகவே அதிரும். ஆகவே ஒரு கம்பியைச் சேர்க்கும்போது மற்றவற்றை இடக்கை விரல்களால் மெல்லத் தொட்டு அடக்கி வைத்தால் முள் அலைபாயாமல் நிற்கும்.

தடித்த கம்பிகளில் பொறுமை வேண்டும் என்பதற்கும் இந்தக் கணக்கே காரணம். கிட்டாரின் மிகக் கீழான ஈ (E) கம்பி வினாடிக்கு 82.41 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 12 மில்லிவினாடிக்குச் சற்றுக் கூடுதலாகிறது. வயலினின் மேல் கம்பியான ஈ வினாடிக்கு 659 முறை அதிர்வதால், அதே நேரத்தில் எட்டு அதிர்வுகள் முடிந்துவிடுகின்றன. நுண்செயலிக்கு மெல்லிய கம்பியைப் பற்றிக் குறைந்த நேரத்தில் அதிகச் சான்று கிடைக்கிறது. தடித்த கம்பிக்கு அது காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்காமல் நாம் பிரடையைத் திருக்கிக்கொண்டே இருந்தால் திரை நமக்கு ஒரு படி பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

இந்த வசதி நம் கைக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் கான் நிறுவனம் 1936-இல் வெளியிட்ட ஸ்ட்ரோபோகான், சுழலும் வட்டுகளும் மின்னும் விளக்கும் கொண்ட பெரிய பெட்டி. ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1975-இல் முள் காட்டும் கையடக்க டியூனரைக் கொண்டுவந்தது. அதிர்வைத் தொட்டுப் படிக்கும் கிளிப் வகை 1990-களுக்குப் பிறகே பரவியது.

அளவுகோல் எது?

டியூனரை இயக்கியதும் பெரும்பாலும் திரையின் மூலையில் 440 என்ற எண் தெரியும். நடு எட்டுச்சுரத் தொகுதியின் ஏ என்ற சுரம் வினாடிக்கு 440 அதிர்வுகள் என்று 1975-இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு உறுதிசெய்த அளவு அது. அந்த ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடையிலான தொலைவைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்து மற்றச் சுரங்களை டியூனர் கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பங்கையும் மேலும் நூறாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு சென்ட். பிரிட்டனைச் சேர்ந்த அலெக்சாண்டர் எல்லிஸ் 1880-களில் அறிமுகப்படுத்திய இந்த அளவின்படி ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் 1200 சென்ட்.

ஒரு சென்ட் எவ்வளவு சிறியது என்பதை எண்ணாகப் பார்ப்பது நல்லது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது கால் ஹெர்ட்ஸ். கிட்டாரின் கீழ் ஈ கம்பியில் வெறும் 0.05 ஹெர்ட்ஸ். ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் இரண்டு சுரங்களுக்கு இடையே ஏறக்குறைய ஐந்து சென்ட்டுக்குக் கீழான வேறுபாட்டைப் பெரும்பாலோரால் பிரித்தறிய இயலாது. ஆனால் அதே இரண்டு சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது: இரண்டு ஒலிகளும் மாறி மாறி ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் எழுப்பும் விம்மல்களின் வழியாக, ஒரு சென்ட்டுக்கும் குறைவான விலகலைக்கூடப் பயிற்சி பெற்ற காது பிடித்துவிடும். காது டியூனரைவிடக் கூர்மையாக இருப்பது இந்த இடத்தில்தான். கருவி அட்டையில் எழுதப்பட்டிருக்கும் துல்லியக் கணக்குகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இப்போது முக்கியமான வேறுபாடு. ஸட்ஜமும் பஞ்சமமும் (ப) விம்மலின்றி இணையும் இயற்கையான உறவு இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். சென்ட் கணக்கில் அது 702. டியூனரின் சமபங்கு முறையில் பஞ்சமம் 700. வேறுபாடு இரண்டு சென்ட்தான். அந்தர காந்தாரத்தில் வேறுபாடு பெரியது: இயற்கையான உறவில் 386, டியூனரில் 400. பதினான்கு சென்ட் வேறுபாட்டை யாருடைய காதும் கேட்கும். பியானோவும் கிட்டாரும் கீபோர்டும் எல்லாச் சுருதிகளிலும் வாசிக்க வேண்டியிருப்பதால் இந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரே ஸட்ஜத்தைத் தம்புராவில் நிறுத்திவைத்து அதன் மேலேயே முழுக் கச்சேரியையும் கட்டும் கர்நாடக இசைக்கு அந்தச் சமரசத்துக்கான தேவையே இல்லை.

கிட்டாரில் டியூனரை நம்ப வேண்டும்

கிட்டாரைப் பொறுத்தவரை நான் தயக்கமின்றி டியூனரின் பக்கம் நிற்கிறேன். கிட்டாரின் மெட்டுகள் (விரல் வைக்கும் குறுக்குக் கட்டைகள்) சமபங்கு முறைப்படியே பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கம்பிகளும் அதே முறையில் சேர்ந்திருந்தால்தான் எல்லாக் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) ஓரளவு சமமாக ஒலிக்கும். பழைய ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த ஒரு முறை உண்டு: கீழ் ஈ கம்பியை ஐந்தாம் மெட்டின் மேல் மெல்லத் தொட்டு எழும் மணியொலியையும், அடுத்த ஏ கம்பியை ஏழாம் மெட்டின் மேல் தொட்டு எழும் மணியொலியையும் விம்மல் நிற்கும்வரை ஒன்றுசேர்ப்பது. கேட்க மிக இனிமையாக இருக்கும் இந்த முறையில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு சென்ட் குறைந்துகொண்டே போகும். ஏ-யில் இரண்டு, டி-யில் நான்கு, ஜி கம்பிக்கு வருவதற்குள் ஏறக்குறைய ஆறு சென்ட் இறங்கியிருக்கும். இப்படிச் சேர்த்தவர் ஒரு கார்டு நன்றாக ஒலிக்கிறதே, அடுத்த கார்டு ஏன் கசக்கிறது என்று கம்பியையும் கிட்டாரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அங்கே காதின் கூர்மையே தொல்லையாகிறது. ஆறு கம்பிகளையும் டியூனரில் தனித்தனியே சேர்த்துவிட்டு அதோடு விட்டுவிடுவதே சரி.

யுகுலேலியிலும் அப்படியே. பேஸ் கிட்டாரின் கீழ் ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் சில கிளிப் டியூனர்கள் அதைப் பிடிக்கத் திணறும். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தொட்டு மணியொலியை எழுப்பினால் இருமடங்கு அதிர்வெண் கிடைத்து, திரை உடனே நிற்கும். இரட்டைக் கம்பிகள் கொண்ட மேற்கத்திய மேண்டலினில் ஜோடியின் ஒரு கம்பியை அடக்கிவிட்டு மற்றதை டியூனரில் சேர்த்து, அடக்கியிருந்ததை அதன் இணையோடு காதால் பொருத்த வேண்டும். இரண்டையும் டியூனரிலேயே சேர்த்தால் இரண்டு சென்ட் வேறுபாடு மிஞ்சினாலும் மேல் ஈ ஜோடியில் வினாடிக்கு முக்கால் விம்மல் எழும். பச்சை விளக்கு இரண்டு கம்பிக்கும் எரிந்திருக்கும், ஜோடி சேர்ந்திருக்காது.

தம்புராவும் வீணையும் வயலினும்

கர்நாடக இசை மாணவருக்கு டியூனர் முதலில் தரும் உதவி, ஆதாரச் சுருதியின் உயரத்தைக் குறிக்கும் கட்டைக் கணக்கை மேற்கத்தியப் பெயரோடு இணைப்பது. ஒரு கட்டை என்பது சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. சில கருவிகள் டி ஷார்ப்பை ஈ ஃப்ளாட் என்று காட்டும். இரண்டும் இரண்டரைக் கட்டையே. ஒரு கட்டையில் பாடுபவருக்குப் பஞ்சமம் ஜி. ஐந்து கட்டையில் பாடுபவருக்கு டி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் டியூனரின் திரை அந்நியமாகத் தோன்றாது.

அடுத்த படியில்தான் கவனம் வேண்டும். தம்புராவை ஒரு கட்டைக்கு வைத்து, ஸட்ஜக் கம்பிகளான சாரணியையும் அனுசாரணியையும் டியூனரில் சி-க்குச் சேர்த்துவிட்டு, பஞ்சமக் கம்பியையும் அதே டியூனரில் ஜி-க்குச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாரணி 130.81 ஹெர்ட்ஸ். அதன் மும்மடங்கு மேற்சுரம் (அடிப்படைச் சுரத்தோடு தானாகச் சேர்ந்தெழும் உயர்ந்த சுரம்) 392.44. தம்புராவின் பஞ்சமக் கம்பி சாரணிக்குக் கீழே நிற்பதால், டியூனர் காட்டும் ஜி 98.00 ஹெர்ட்ஸ், அதன் நான்மடங்கு மேற்சுரம் 392.00. இந்த இரண்டு மேற்சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டியவை. அவற்றுக்கு இடையே 0.44 ஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால், இரண்டே கால் வினாடிக்கு ஒருமுறை மெதுவான விம்மல் ஒன்று தம்புராவின் நாதத்துக்குள் எழுந்து விழும். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். ஆனால் தம்புரா கூடி நிற்காது. குதிரைக்குக் கீழே உள்ள மணியை நூலளவு நகர்த்திப் பஞ்சமத்தைச் சற்றே ஏற்றினால் அந்த அலைச்சல் மெதுவாகி, நின்று, இரண்டு கம்பிகளும் ஒரே நாதமாகிவிடும். அந்தக் கணத்தை ஒருமுறை கேட்டுவிட்ட மாணவருக்குச் சுருதி சேர்வது என்றால் என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டியூனரைப் பார்த்தே எல்லாக் கம்பிகளையும் சேர்க்கப் பழகும் குழந்தைகளுக்கு அந்தக் கணம் கிடைக்காமலே போய்விடுகிறது என்பதுதான் எனக்குள்ள உண்மையான கவலை.

தம்புராவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ் ஸட்ஜமான மந்தரக் கம்பியை மீட்டினால் திரை சி என்று காட்டாமல் ஒரு கணம் ஜி என்றும் மறுகணம் ஈ என்றும் தாவுவதுண்டு. டியூனர் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜீவாளி (குதிரைக்கும் கம்பிக்கும் இடையே வைக்கும் நூல்) சரியாக அமைந்த தம்புராவில் அடிப்படை அதிர்வெண்ணைவிட மேற்சுரங்கள் ஓங்கி ஒலிக்கின்றன. மும்மடங்கு மேற்சுரம் பஞ்சமம். ஐந்து மடங்கு மேற்சுரம் அந்தர காந்தாரம். மந்தரக் கம்பியிலிருந்து தானாக எழும் ஸ்வயம்பு காந்தாரம் என்று பெரியோர்கள் சுட்டிக்காட்டுவதைத்தான் திரை ஈ என்று எழுதுகிறது. அப்போது முள்ளைக் கூர்ந்து பாருங்கள்: அது நடுவில் நிற்காமல் ஏறக்குறைய 14 சென்ட் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். இயற்கையான காந்தாரத்துக்கும் சமபங்கு காந்தாரத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கே கண்ணுக்கே தெரிகிறது. சேர்க்கும் நேரத்தில் ஜீவாளி நூலைச் சற்று விலக்கிவிட்டு, கம்பியின் நடுப்பகுதியை விரலின் சதையால் மெல்ல மீட்டினால் மேற்சுரங்கள் அடங்கி அடிப்படைச் சுரம் தெளிவாகும்; சேர்ந்த பிறகு நூலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

இந்த மேற்சுர வளத்தின் காரணத்தை 1921-இல் சி. வி. ராமன் ஆராய்ந்திருக்கிறார். கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் இருக்க வேண்டிய மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த மேற்சுரங்களும் ஓங்கி எழுகின்றன என்பதையும், கம்பி உரசிச் செல்லும் குதிரையின் வளைந்த பரப்பே அதற்குக் காரணம் என்பதையும் அவர் காட்டினார். மெல்லிய விளிம்புள்ள எலும்புத் துண்டின் மேல் கம்பி அமரும் கிட்டாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட மென்பொருள் தம்புராவிடம் தடுமாறுவது இயல்பே.

வீணையில் மூன்று கட்டை சுருதி என்று வைத்துக்கொண்டால் சாரணி 165 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மிகக் கீழான பஞ்சமக் கம்பியான அனுமந்தரமோ 62 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிட்டாரின் கடைசிக் கம்பியைவிடவும் இது கீழே. ஆகவே கிட்டார் நிலையில் மட்டும் இயங்கும் மலிவான டியூனர் வீணைக்குப் போதாது. எல்லாச் சுரங்களையும் ஏற்கும் குரோமாட்டிக் நிலையும், பேஸ் கிட்டார் வரை இறங்கும் வீச்சும் வேண்டும். கிளிப்பைத் தண்டியில் மாட்ட முயல வேண்டாம். வாய் அவ்வளவு விரியாது. பிரடையின் கைப்பிடியில் மாட்டினால் போதுமான அதிர்வு கிடைக்கும். சாரணியை டியூனரில் நிறுத்திவிட்டு, பஞ்சமத்தையும் மந்தரத்தையும் அனுமந்தரத்தையும் சாரணியோடு சேர்த்து மீட்டியபடியே காதால் பொருத்தலாம். தாளக் கம்பிகள் கடைசியில்.

டியூனரை வைத்து வீணையின் மேளத்தையே (மெழுகில் பதித்த மெட்டுகளின் அமைப்பு) சரிபார்க்கும் பழக்கம் இப்போது தொடங்கியிருக்கிறது. மெழுகு வெயிலில் இளகி மெட்டு நகர்ந்திருக்கிறதா என்று தோராயமாகப் பார்க்க அது உதவும். ஆனால் ஒவ்வொரு மெட்டையும் திரையின் நடுக்கோட்டுக்கு இழுத்துவைத்தால் காந்தாரமும் நிஷாதமும் தம்புராவோடு உரசும். மேளம் கட்டுபவர் காதால் வைத்த இடத்தைத் திரையைப் பார்த்து மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

வயலினில் மேற்கத்திய வாசிப்பாளர்கள் ஏ கம்பியை மட்டும் வெளியிலிருந்து பெற்று, மற்ற மூன்றையும் ஜோடி ஜோடியாக வில்லிட்டுத் தூய பஞ்சமமாகச் சேர்ப்பது மரபு. ஏ 440 என்றால் தூய உறவில் ஈ 660, டியூனரோ 659.26 என்று காட்டும். அந்த ஜோடியைச் சேர்த்து வில்லிட்டால் வினாடிக்கு ஒன்றரை விம்மல் கேட்கும். பியானோவோடு வாசிக்கும்போது மட்டும் டியூனரின் அளவு பொருத்தமாகலாம். நம் வயலினில் ஸ-ப-ஸ-ப என்று சேர்ப்பதால் கணக்கு இன்னும் எளிது: ஒரு ஸட்ஜம் டியூனரிலிருந்து அல்லது தம்புராவிலிருந்து, மற்றவை அந்த ஸட்ஜத்திலிருந்து. கிளிப்பைச் சுருளிலோ பிரடைப் பெட்டியின் ஓரத்திலோ மாட்டலாம். குதிரையில் மாட்டினால் அதிர்வு மிக வலுவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் குதிரையின் மேல் ஏறும் எடை ஒலியை அடக்கிவிடும், குதிரை நகரவும் வாய்ப்புண்டு. சேர்த்ததும் எடுத்துவிட முடியாதவர்கள் அங்கே மாட்டவே வேண்டாம்.

வாங்கும்போது

துல்லியத்தைப் பற்றிய விளம்பரங்களுக்குத் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறோம் என்று தோன்றுகிறது. ஒரு சென்ட் துல்லியம் மாணவருக்குப் போதும். பீட்டர்சன் நிறுவனத்தின் ஸ்ட்ரோபோகிளிப் போன்றவை பத்தில் ஒரு சென்ட் வரை காட்டுகின்றன. நகரும் பட்டைகள் நின்றால் சுருதி சேர்ந்துவிட்டது என்று பொருள். வெவ்வேறு கருவிகளுக்கென்று சற்றே திருத்திய சுருதி அமைப்புகளும் அதில் உண்டு. கிட்டாரின் குதிரையைச் சரிசெய்பவருக்கும் பதிவுக்கூடத்தில் வேலை செய்பவருக்கும் அந்த விலை நியாயமானது. வீட்டில் பயில்பவருக்கு அந்தத் துல்லியம் திரையில் ஓயாமல் நடுங்கும் பட்டைகளாகவே தெரியும். துல்லியத்தைவிட, பச்சை விளக்கு எவ்வளவு அகலமான எல்லைக்குள் எரிகிறது என்பதைக் கவனியுங்கள். கடையிலேயே கம்பியை மிக மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பச்சை எரியத் தொடங்கிய இடத்துக்கும் அணையும் இடத்துக்கும் இடையே காதுக்கே வேறுபாடு கேட்டால் அந்தக் கருவி வேண்டாம். விளக்கு மட்டும் காட்டுவதைவிட முள்ளோ எண்ணோ காட்டுவது நல்லது.

கர்நாடக இசைக்கு வாங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டியது, 440 என்ற அந்த அடிப்படை எண்ணை எவ்வளவு தூரம் மாற்ற முடிகிறது என்பது. பாடுபவர் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக வைக்கச் சொல்வார். பழைய ஆர்மோனியமோ நாதஸ்வரமோ எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராமல் நடுவில் நிற்கும். 440-இல் ஒரு ஹெர்ட்ஸ் மாற்றம் ஏறக்குறைய நான்கு சென்ட்டுக்குச் சமம். 430 முதல் 450 வரை மட்டும் நகரும் கருவி மேலும் கீழும் 39 சென்ட் அளவே ஈடுகொடுக்கும். இரண்டு கட்டைகளுக்கு நட்டநடுவில் விழும் சுருதியை அதனால் எட்ட முடியாது. 415 முதல் 466 வரை நகரும் கருவிகள் ஓர் அரைக் கட்டை முழுவதையும் கடந்துவிடும்.

மற்றவை விரைவாகச் சொல்லக்கூடியவை. திரை வெயிலிலும் படிக்கும்படி இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் திரும்ப வேண்டும். பெரும்பாலும் முதலில் உடைவது திரையைத் தாங்கும் மூட்டும் கிளிப்பின் வில்லும்தான் என்பதால் அவற்றைக் கையால் அசைத்துப் பார்த்து வாங்குங்கள். பல மாதிரிகளில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியே பயன்படுகிறது. சிறு குழந்தைகள் அதை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் பேட்டரி மூடி திருகால் இறுக்கப்படும் மாதிரியையோ, சார்ஜ் ஏற்றும் மாதிரியையோ வாங்குவது நலம். நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய விலை உயர்ந்த கிட்டார்களில் கிளிப்பை மாட்டியபடியே பெட்டியில் வைக்கக் கூடாது. ரப்பர் அந்த மெருகோடு வினைபுரிந்து கறை விடும்.

கையாளும் முறை

ஒரு கம்பியை ஓங்கி மீட்டினால் அதன் இழுவிசை ஒரு கணம் கூடி, சுரம் சற்றே ஏறித் தொடங்கிப் பிறகு இறங்கி நிலைபெறும். இழுவிசை நூற்றில் ஒரு பங்கு மாறினாலே சுரம் 8.6 சென்ட் நகரும் என்பதால் இது சிறிய விஷயமில்லை. ஆகவே வாசிக்கும்போது எவ்வளவு அழுத்தமாக மீட்டுவோமோ அதைவிடச் சற்று மென்மையாக மீட்டி, முதல் அரை வினாடியைப் புறக்கணித்து, முள் நிலைபெறும் இடத்தைப் படிக்க வேண்டும்.

சுரத்தை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேர்க்க வேண்டும். ஏறிப்போய்விட்டால் மேலிருந்து இறக்கி அப்படியே நிறுத்தாமல், தேவைக்குக் கீழே கொண்டுபோய் மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கி நிறுத்தினால் திருகுப் பற்களின் இடைவெளியிலும் கம்பி செல்லும் பள்ளத்தின் உராய்விலும் கொஞ்சம் தளர்வு தேங்கி நிற்கும். இரண்டு வரி வாசிப்பதற்குள் அது விடுபட்டுச் சுருதி இறங்கிவிடும். ஏற்றும்போது டிக் என்ற சத்தத்தோடு முள் தாவினால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். அங்கே பென்சில் கரியைத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். புதுக் கம்பியை மாட்டியதும் இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். அது படியும்வரை எந்த டியூனராலும் பயனில்லை.

பல டியூனர்கள் சுரத்தின் பெயரை மட்டும் காட்டும், எந்தத் தொகுதி என்று காட்டாது. புதுக் கம்பி கட்டும் மாணவர் சி வரவேண்டிய இடத்தைக் கடந்து ஏற்றிக்கொண்டே போனாலும் திரை டி, ஈ என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும், கம்பிதான் அறும். கம்பி வழக்கத்துக்கு மாறாக விரலில் விறைப்பாக இருந்தால் திரையை விட்டுவிட்டு, முதலில் வாயால் அந்தச் சுரத்தைப் பாடிப் பாருங்கள்.

கூட்டாக வாசிக்கும்போது நேரும் குழப்பம் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். பையில் கிடக்கும்போது பொத்தான் அழுந்தி ஒருவருடைய டியூனர் 442-க்கு மாறியிருக்கும். இன்னொருவருடையது 440-இல் இருக்கும். இருவருடைய திரையும் பச்சை. இருவருக்கும் இடையே எட்டு சென்ட். இருவரும் தம் கருவி சரி என்றே சாதிப்பார்கள், ஏனென்றால் தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. அதனால் மேடையேறும் முன் எல்லோரும் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை. அதைவிட நல்லது, எண்ணை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வது: தம்புராவோ சுருதிப் பெட்டியோ முதலில் நிற்கட்டும், மற்றவர்கள் அதைக் கேட்டுச் சேரட்டும். குழுவில் சுருதியை உடனே மாற்ற இயலாத ஆர்மோனியமோ புல்லாங்குழலோ நாதஸ்வரமோ இருந்தால் தம்புராவே அதைப் பின்பற்ற வேண்டும். குழல் சிறிது நேரம் ஊதப்பட்டுச் சூடேறினால் அதன் சுருதி ஏறும் என்பதால், ஊதிச் சூடாக்கிய பிறகே அதிலிருந்து ஸட்ஜத்தை எடுக்க வேண்டும். அந்த ஸட்ஜத்தை டியூனரில் பார்த்து, அடிப்படை எண்ணை அதற்கேற்ப 443 என்றோ 437 என்றோ நகர்த்தி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால், கச்சேரியின் நடுவில் மேடை விளக்கின் வெப்பத்தில் கம்பி தளரும்போது, மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இரைச்சலுக்குள்ளேயே ஆதார ஸட்ஜத்தை ஓசையின்றி மீட்டெடுக்க முடியும். பஞ்சமத்தை அடுத்த பாட்டுக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் தம்புராவோடு சேர்த்துக்கொள்ளலாம்.